தானியப் பயிர் நோய்க்கு நன்மை செய்யும் பூஞ்சாணம்: எதற்குப் பலன், எதற்கு வீண்?

கதிர்மணி

எல்லோருக்கும் வணக்கம். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சாணம் பற்றி இரண்டு விதமான பேச்சுதான் எங்கே போனாலும் காதில் விழுகிறது. அதைப் போட்டால் எந்த நோயும் அண்டாது என்று ஒரு கூட்டம், அது வெறும் டால்க் பொடி, காசுக்குக் கேடு என்று இன்னொரு கூட்டம். காய்கறி, பயறு வகைகளில் வேரழுகலுக்கும் வாடல் நோய்க்கும் அது உதவுவதைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நெல், கோதுமை, பார்லி, மக்காச்சோளம் என்று வந்தால் மட்டும் எல்லோரும் பட்டும் படாமலும் பேசுகிறார்கள். எந்த நோய்க்கு எந்தப் பூஞ்சாணம், எந்தப் பருவத்தில், எப்படிக் கொடுத்தால் பலன் கிடைக்கும்? எதற்குக் கொடுத்தால் வீண்? டிரைக்கோடெர்மா தவிர வேறு பூஞ்சாணங்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வேரடி

கதிர்மணி, பூஞ்சாணத்தின் பெயரிலிருந்து தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். நோய் எங்கே குடியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். விதையின் மேல்தோலிலா, விதைக்கு உள்ளேயா, மண்ணிலா, போன பருவத்துத் தாளிலா, இல்லை காற்றில் பறந்து வருகிறதா? டிரைக்கோடெர்மா மாதிரி பூஞ்சாணம் மண்ணிலும் மட்கிலும் வேரடியிலும் வாழ்கிற உயிர். அதன் வீட்டுக்குள் நுழைகிற நோயோடு அது சண்டை போடும். காற்றில் வந்து இலையில் இறங்குகிற துரு நோயோடு அதனால் நேருக்கு நேர் மோத முடியாது, ஏனென்றால் இலையின் மேற்பரப்பு காய்கிறது, வெயிலின் புற ஊதாக் கதிர் வித்துகளைக் கொல்கிறது, தின்ன ஒன்றும் கிடைப்பதில்லை.

அது எப்படிச் சண்டை போடுகிறது என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் கணக்கு தானாகப் புரிந்துவிடும். கண்ணாடித் தட்டின் ஒரு ஓரத்தில் நோய் உண்டாக்கும் ரைசாக்டோனியா பூஞ்சாணத்தையும் எதிர் ஓரத்தில் டிரைக்கோடெர்மாவையும் வளர்த்து, இரண்டும் சந்திக்கும் இடத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். ரைசாக்டோனியாவின் இழை தடிமனாக, கிட்டத்தட்ட செங்கோணத்தில் கிளைபிரிந்து போகும். டிரைக்கோடெர்மாவின் மெல்லிய இழை அதன் பக்கத்தில் ஒட்டியபடி கொஞ்ச தூரம் ஓடி, அப்புறம் பந்தற்காலில் கொடி சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொள்ளும். சுற்றிய இடத்தில் கைட்டினேஸ், குளுக்கனேஸ் நொதிகள் எதிரியின் செல்சுவரைக் கரைக்கும், உள்ளே இருக்கும் சாறு இதற்கு உணவாகும். மற்ற மண் பூஞ்சாணங்களை டிரைக்கோடெர்மா இப்படி ஒட்டுண்ணியாகத் தாக்குகிறது என்று வெயின்ட்லிங் 1932-இலேயே எழுதிவிட்டார்.

தட்டில் நடப்பது அப்படியே வயலில் நடக்கும் என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வயலில் அதைவிடப் பெரிய வேலை இரண்டு. வேரடியில் இடத்தையும் உணவையும் முதலில் பிடித்துக்கொண்டு எதிரிக்கு இல்லாமல் செய்வது ஒன்று. வேரின் மேல் அடுக்குச் செல்களுக்குள் கொஞ்சம் நுழைந்து, செடியின் சொந்த எதிர்ப்பைத் தயார் நிலையில் வைப்பது இன்னொன்று. இரண்டுக்குமே அது நோய்க்கு முன்னால் அங்கே போயிருக்க வேண்டும். நோய் தெரிந்த பிறகு தெளிப்பவர்களுக்கு ஏமாற்றம் மிஞ்சுவதற்குக் காரணம் இதுதான்.

நாற்றங்கால்

வேரடி சொன்னதை நெல்லில் வைத்துச் சொல்கிறேன். இலையுறைக் கருகல் நோயை எடுத்துக்கொள்ளுங்கள், அதே ரைசாக்டோனியா சொலானிதான். அறுவடை முடிந்ததும் அது கடுகளவு பழுப்பு உருண்டைகளாக மண்ணிலும் அடித்தாளிலும் கிடக்கும், ஸ்கிளிரோஷியா என்பார்கள். வயலில் தண்ணீர் கட்டிச் சேறடிக்கும்போது அந்த உருண்டைகள் மிதக்கும், காற்று அடிக்கும் பக்கமாக வரப்போரத்தில் குப்பையோடு ஒதுங்கும். அப்புறம் தூர் கட்டும் பருவத்தில், தண்ணீர் மட்டம் தொடும் இடத்தில் இலையுறையில் ஒட்டிக்கொண்டு முளைக்கும். முதல் புள்ளி எப்போதும் அந்த மட்டத்தில்தான், நீள்வட்டமாக, பச்சையும் சாம்பலும் கலந்து, வெந்நீர் பட்ட மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் ஓடிப்போய் மேலே டிரைக்கோடெர்மா தெளிப்பவர்கள்தான் அதிகம்.

சரியான நேரம் அதற்கு ரொம்ப முன்னால். அறுவடைக்கும் அடுத்த சேறடிப்புக்கும் நடுவில், மண் ஈரமாக இருந்தும் தண்ணீர் நிற்காமல் இருக்கும் நாட்களில், நன்றாக மட்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மாவைப் பெருக்கி அடித்தாளோடு சேர்த்து உழுதுவிட வேண்டும். அந்த உருண்டைகளைத் துளைத்து உள்ளே போய் அழிக்க அதற்கு அவகாசம் வேண்டும், காற்றோட்டமும் வேண்டும். தண்ணீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குள் அது வளராது. எவ்வளவு நல்ல பொடியாக இருந்தாலும் இந்த ஒரு காரணத்தாலேயே நடவு வயலில் தூவுவது பெரும்பாலும் வீண். சேறடித்ததும் வரப்போரத்தில் ஒதுங்கும் நுரைக்குப்பையை வலையால் அள்ளி வெளியே எடுத்துப் போட்டாலும் நோயின் ஆரம்பம் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறையும். பூஞ்சாணத்துக்குப் பாதி வேலை மிச்சம்.

நாற்றங்கால் வேறு கதை. அங்கே விதை நேர்த்தியும் நாற்று வேர் நனைப்பதும் நன்றாகவே எடுபடும்.

சந்தியா

நான் சூடோமோனாஸ் பயன்படுத்துகிறேன், அதுவும் இந்த வகைப் பூஞ்சாணம்தானே? குலை நோய்க்கு அதைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

வேரடி

இல்லை சந்தியா, சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸும் பேசில்லஸும் பாக்டீரியா. ஒரே அலமாரியில் ஒரே மாதிரி உறையில் இருப்பதால் எல்லாம் ஒன்று என்று தோன்றுகிறது. வேலை செய்யும் விதம் வேறு, ஒத்துப்போகும் மருந்துகளும் வேறு. உதாரணமாக, கார்பென்டாசிம் என்ற பூஞ்சாணக் கொல்லி பாக்டீரியாவைப் பெரிதாகத் தொடாது, டிரைக்கோடெர்மாவைத் தீர்த்துவிடும். விதையைக் கார்பென்டாசிமில் நேர்த்தி செய்துவிட்டு மறுநாள் டிரைக்கோடெர்மாவும் கலப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டுக்கும் சேர்த்துச் செலவு, உள்ளே ஒன்று இன்னொன்றைக் கொன்றுவிடுகிறது. மெட்டலாக்சில் அப்படியில்லை. அது அடிச்சாம்பல் நோயை உண்டாக்கும் ஊமைசீட் வகை உயிர்களைக் குறிவைக்கும் மருந்து, அவை உண்மையான பூஞ்சாணங்களே அல்ல, அதனால் டிரைக்கோடெர்மா அதைத் தாங்கிக்கொள்ளும். கம்பு, மக்காச்சோளம் விதையில் இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் ரொம்ப உபயோகம்.

குலை நோய் காற்றில் வரும் வித்தால் இலையிலும் கதிர்க் கழுத்திலும் வருவது. அங்கே வேரடிப் பூஞ்சாணத்தால் கிடைப்பது செடியின் எதிர்ப்பு கொஞ்சம் கூடுவது மட்டும்தான். அதிகத் தழைச்சத்து போட்ட வயலில் அந்தக் கொஞ்சம் போதாது. முதலில் தழைச்சத்தைப் பிரித்துக் கொடுங்கள், எதிர்ப்பு ரகம் பாருங்கள்.

மகரந்தம்

நான் கோதுமைக் கதிர்க் கருகல் நோய் பக்கம் வேலை செய்கிறவள், அதை உண்டாக்கும் பூஞ்சாணம் ஃபுசேரியம் கிராமினேரம். இது விளைச்சலை மட்டும் குறைக்கிற நோயல்ல, தானியத்தில் நஞ்சை விட்டுவிட்டுப் போகும் நோய். டியாக்சிநிவலினால் என்ற நஞ்சு செல்லுக்குள் புரதம் உருவாவதைத் தடுக்கும், தின்ற பன்றிகள் வாந்தி எடுக்கும், தீவனத்தை மறுக்கும். ஜியரலினோன் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மாதிரி வேலை செய்து கால்நடைகளின் இனப்பெருக்கத்தைக் கெடுக்கும். அதனால் இங்கே "நோய் பாதியாகக் குறைந்தது" என்பது மட்டும் போதாது, நஞ்சும் குறைந்ததா என்று கேட்க வேண்டும்.

இந்த நோய்க்கு ஒரு பலவீனம் உண்டு. அது போன பருவத்து மக்காச்சோளத் தட்டையிலும் கோதுமைத் தாளிலும்தான் காலம் தள்ளுகிறது. அங்கே கருநீலத்தில் பொட்டுப்பொட்டாகக் கனியுடல்கள் உண்டாகி, ஈரமும் சூடும் சேர்ந்த நாட்களில் வித்துகளைக் காற்றில் வீசி எறியும், அந்த வித்து பூக்கும் பருவத்தில் கதிரில் விழுந்தால் நோய். பூக்கும் காலம் சில நாட்கள்தான். ஆக இரண்டு இடத்தில் மடக்கலாம், ஒன்று தாளில், இன்னொன்று பூவில்.

தாளில் மடக்குவதற்கு டிரைக்கோடெர்மாவைவிட எனக்கு நம்பிக்கை அதிகம் உள்ளது குளோனோஸ்டாக்கிஸ் ரோசியா. பழைய நூல்களில் கிளியோகிளேடியம் ரோசியம் என்று இருக்கும். தாளில் பொறுமையாகக் குடியேறி ஃபுசேரியம் கனியுடல் உண்டாக்குவதைக் குறைக்கும். டென்மார்க்கில் பார்லி வேரிலிருந்து எடுத்த ஐகே726 என்ற வகையை விதை நேர்த்தியில் ஃபுசேரியம் கல்மோரத்துக்கு எதிராக நிறையவே சோதித்திருக்கிறார்கள். இதனிடம் ஜியரலினோனை உடைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. அந்த நொதிக்கான மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, அந்த நஞ்சை உண்டாக்கும் ஃபுசேரியத்திடமிருந்து கோதுமை நாற்றைக் காக்கும் திறன் அதற்குக் குறைந்துபோனது. அதாவது ஃபுசேரியம் அந்த நஞ்சைத் தன்னைத் தாக்கும் பூஞ்சாணங்களுக்கு எதிரான ஆயுதமாகவும் வைத்திருக்கிறது. டியாக்சிநிவலினாலும் சும்மா இருப்பதில்லை. டிரைக்கோடெர்மா அட்ரோவிரிடியில் கைட்டினை உடைக்கும் ஒரு நொதியின் மரபணுவையே அது அடக்கி வைக்கிறது. எதிரி திருப்பி அடிக்கிறது என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் தட்டுச் சோதனையை நம்பிப் பரிந்துரை எழுதுகிறார்கள், இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பூவில் தெளிப்பது இன்னும் சிரமம். சரியாகப் பூக்கும் நாட்களில், வித்து முளைக்கும் அளவுக்கு ஈரம் இருக்கும்போது, ஃபுசேரியத்துக்கு முன்னால் போக வேண்டும். கிடைக்கிற பலன் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கொஞ்சம் எதிர்ப்புள்ள ரகம், மக்காச்சோளத்துக்குப் பின்னால் கோதுமை போடாத பயிர்ச்சுழற்சி, தாளில் பூஞ்சாணம், மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பேச்சுக்கு நிற்கும்.

சோளக்கொல்லை

நஞ்சு என்று வந்ததால் நான் நுழைகிறேன். தானியத்தில் நன்மை செய்யும் பூஞ்சாணம் உண்மையிலேயே பெரிய அளவில் வயலில் ஜெயித்த கதை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மக்காச்சோளத்தில் அஃப்லாடாக்சின், அதாவது ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சாணம் உண்டாக்கும் நஞ்சு. அங்கே வேலை செய்வது நோய் உண்டாக்கும் பூஞ்சாணத்தின் சொந்த இனமே!

ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் எல்லாமே நஞ்சு உண்டாக்குவதில்லை. நஞ்சுக்கான மரபணுவில் பழுது உள்ளவை, அந்த மரபணுத் தொகுப்பே இல்லாதவை என்று இயற்கையிலேயே வகைகள் இருக்கின்றன. அமெரிக்க வேளாண் துறையின் பீட்டர் காட்டி அரிசோனாவில் கண்டெடுத்த ஏஎஃப்36 அப்படிப்பட்ட ஒன்று. இந்த நஞ்சில்லா வகையைக் கொன்றுவிட்ட தானியத்தின் மேல், அதாவது முளைக்காதபடி சூடாக்கிய சோள மணியின் மேல் பூசி, பயிர் பூப்பதற்கு 2 அல்லது 3 வாரம் முன்னால் வயலில் தூவுவார்கள். ஈரம் பட்டதும் மணியிலிருந்து பச்சையாக வித்து கிளம்பும், நஞ்சுள்ள வகை பிடிக்க வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். நைஜீரியாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஐடிஏ என்ற பன்னாட்டு வேளாண் ஆய்வு நிறுவனம் இதே முறையை ஆப்பிரிக்காவில் அஃப்லாசேஃப் என்ற பெயரில் கொண்டு வந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த நாட்டு மண்ணிலேயே தேர்ந்தெடுத்த வகைகள், ஹெக்டேருக்கு 10 கிலோ. நஞ்சு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்த வயல்கள் ஏராளம்.

இதில் எனக்குப் பிடித்தது அந்த மணிதான். பூஞ்சாணம் தனக்கு வேண்டிய சாப்பாட்டோடு வயலுக்குள் போகிறது. வெறும் வித்தைத் தண்ணீரில் கரைத்து வீசியிருந்தால் இந்த வெற்றி கிடைத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். தூவிய பிறகு மண் ஒரேயடியாகக் காய்ந்துகிடந்தால் மணி அப்படியே கிடக்கும், எறும்பு கொண்டுபோகும், அதையும் கவனிக்க வேண்டும்.

கதிர்மணி

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. இரண்டு கேள்வி. வேர் உட்பூசணத்தை, அதுதான் மைக்கோரைசா, நோய்க்கு எதிராக எண்ணலாமா? அப்புறம் கரிப்பூட்டை, துரு, சாம்பல் நோய்க்கு ஏதாவது உண்டா?

வேரடி

மைக்கோரைசாவை நோய் மருந்தாக எண்ண வேண்டாம். மணிச்சத்தையும் தண்ணீரையும் எட்டிப் பிடிக்க அது உதவும், அதனால் தெம்பாக இருக்கும் செடி வேர் நோயைக் கொஞ்சம் தாங்கும். மணிச்சத்து மண்ணில் நிறைய இருந்தால் செடி அந்தப் பூஞ்சாணத்தை வேருக்குள் விடுவதே குறைந்துவிடும். இன்னொரு விஷயம், உயிருள்ள வேர் இல்லாமல் அதை வளர்க்க முடியாது. மைக்கோரைசாவைத் தனியாகத் தொட்டியில் புளிக்க வைத்துத் தயாரித்தோம் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

ஆனால் அதே வேலையில் பாதியைச் செய்து, செயற்கை ஊடகத்திலும் வளரும் ஒரு பூஞ்சாணம் உண்டு. தார் பாலைவனத்துப் புதர்ச்செடிகளின் வேரடி மண்ணில் கிடைத்து, 1998-இல் பிரிபார்மோஸ்போரா இண்டிகா என்று பெயர் வைத்தார்கள், இப்போது செரண்டிபிடா இண்டிகா. பார்லி வேரில் அதைக் குடியேற்றினால் வேரைத் தாக்கும் ஃபுசேரியம் கல்மோரத்தையும் இலையில் வரும் சாம்பல் நோயையும் செடி நன்றாகத் தாங்குகிறது என்று 2005-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேரில் இருக்கும் பூஞ்சாணம் இலை நோயைக் குறைக்கிறது என்றால் செடியே உள்ளுக்குள் மாறியிருக்கிறது என்று அர்த்தம், அதனால்தான் அந்த ஆய்வு அவ்வளவு பேசப்பட்டது.

கரிப்பூட்டையில் இரண்டு விதம் பார்க்க வேண்டும். கோதுமைக் காற்றுக் கரிப்பூட்டை விதையின் கருவுக்குள்ளேயே தூங்குகிறது. வெளியே பூசிய எந்தப் பூஞ்சாணமும் அங்கே எட்டாது, உள்ளே ஊடுருவும் மருந்தோ சுத்தமான விதையோதான் வழி. நாற்றக் கரிப்பூட்டை விதையின் மேல்தோலில் ஒட்டியிருப்பது, அதனால் விதை நேர்த்திப் பூஞ்சாணத்துக்கு அங்கே வாய்ப்பு உண்டு. துருவுக்கு எதிராக ஸ்பேரெல்லாப்சிஸ் ஃபைலம் என்ற பூஞ்சாணம் துருக் கொப்புளத்தின் மேலேயே வளரும், லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஆரஞ்சுக் கொப்புளத்துக்குள் கறுப்பாகப் பளபளக்கும் சின்னச் சின்னப் பொட்டுகள் தெரியும். பார்க்க அழகு. ஆனால் துரு நன்றாகப் பரவிய பிறகுதான் அது வந்து சேரும், அதற்குள் கதிருக்கு அடுத்த மேல் இலையான கொடியிலை போய்விடும். துருவுக்கு எதிர்ப்பு ரகம்தான்.

முத்துவேல்

எல்லாம் சரி, ஆனால் "உயிரி" என்ற சொல்லைக் கேட்டதும் பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறார்கள், அதைப் பற்றி யாரும் பேசவில்லையே. டிரைக்கோடெர்மாவே மக்காச்சோளக் கதிரை அழுக வைத்த செய்தி வந்ததே.

மகரந்தம்

உண்மைதான் முத்துவேல், நல்லவேளை கேட்டீர்கள். ஜெர்மனியில் 2018-இல் மக்காச்சோளக் கதிர் அழுகல் ஒன்று கவனிக்கப்பட்டது, மணிகளுக்கு நடுவிலும் உறை இலையிலும் பச்சை கலந்த வெள்ளைப் பூசணம். நோய்க்காரணி டிரைக்கோடெர்மா அஃப்ரோஹார்சியானம். விதை நேர்த்திக்கு உலகம் முழுக்கப் பயன்படும் டி-22 வகையையும் இன்று அதே இனத்தில்தான் வைக்கிறார்கள். அதற்காக டி-22 கதிரை அழுக வைக்கும் என்று பொருளில்லை, ஒரே இனத்துக்குள் வகைக்கு வகை குணம் மாறும். இனத்தின் பெயரை மட்டும் அச்சடித்து வகையின் பெயரை மறைக்கும் உறையை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். எந்த வகை, எங்கே சோதித்தது, எந்தப் பயிரில் என்று எழுதாமல் விற்பது வாங்குகிறவர்களுக்குச் செய்யும் அநியாயம். மக்காச்சோளத்தில் பட்டுநூல் வெளிவரும் நேரத்தில் கதிர்மேல் டிரைக்கோடெர்மா தெளிக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், விதையிலும் மண்ணிலும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தியா

வாங்கிய பொடி உயிரோடு இருக்கிறதா என்று நாமே பார்க்க வழி உண்டா? காலாவதி தேதி இருந்தாலும் வெயிலில் கிடந்ததா என்று யாருக்குத் தெரியும்.

நாற்றங்கால்

தோராயமாகப் பார்க்கலாம் சந்தியா. ஏதாவது ஒரு தானியத்தை அரைவேக்காடாக வேகவைத்து, நீரை வடித்து, சூடு முழுக்க ஆறியதும் இரண்டு சுத்தமான மூடி போட்ட டப்பாவில் போடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை பொடி கலந்து, இரண்டையும் 25 முதல் 28 டிகிரியில் நிழலில் வையுங்கள். பொடி உயிரோடு இருந்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை இழை படர்ந்து, அப்புறம் நடுவிலிருந்து கரும்பச்சையாக மாறும். சில வகைகளில் மூடியைத் திறந்ததும் தேங்காய் மணம் வரும், விரிடி, அட்ரோவிரிடி வகைகளில் அது தெளிவாக இருக்கும். பொடி போடாத டப்பாவிலும் பச்சை வந்தால் சோதனை கெட்டுவிட்டது, ஏனென்றால் பெனிசிலியமும் ஆஸ்பர்ஜில்லஸும் பச்சைதான். மோந்து பார்ப்பதானால் தூரத்திலிருந்து, முடிந்ததும் டப்பாவோடு வெளியே புதைத்துவிடுங்கள்.

எண்ணிக்கையை இதில் அறிய முடியாது. டால்க் பொடியில் வழக்கமாக அச்சடிப்பது கிராமுக்கு 20 லட்சம் உயிருள்ள வித்து, அதைச் சரிபார்க்க ஆய்வகம்தான் வேண்டும். ஈரம் ஏறிக் கட்டிதட்டிய பொடியை வாங்கவே வேண்டாம்.

கதிர்மணி

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் செய்தபின் பலன் கிடைத்ததா என்று எப்படித் தீர்மானிப்பது? நோய் வராத ஆண்டில் எதைப் போட்டாலும் ஜெயித்த மாதிரிதானே தெரியும்.

மகரந்தம்

வயலுக்குள் குறுக்காக ஒரு பட்டையை எதுவும் போடாமல் விடுங்கள், ஓரத்தில் வேண்டாம், ஓரத்தில் நோய் எப்போதும் வேறு மாதிரிதான் இருக்கும். முடிந்தால் போட்ட பட்டை, போடாத பட்டை என்று மாற்றி மாற்றி நான்கைந்து விடுங்கள். விதை நேர்த்தியில் சோதிக்கிறீர்கள் என்றால் போடாத விதையிலும் வெறும் டால்க்கைப் பூசி விதையுங்கள், இல்லாவிட்டால் விதைப்புக் கருவியில் விழும் அளவே மாறிவிடும். இலையுறைக் கருகலுக்குப் பட்டைக்கு இத்தனை தூர் என்று முன்னமே முடிவு செய்து, கண்ணை உறுத்துகிற தூரைத் தேடிப் போகாமல், வரிசையில் பத்தடிக்கு ஒன்று என்று நடந்து புள்ளி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று அளவுகோல் வைத்துக் குறியுங்கள். கதிர்க் கருகலானால் பால் பிடிக்கும் பருவத்தில் வெளுத்த கதிரை எண்ணுங்கள், அறுவடையில் பட்டைக்குப் பட்டை தனித்தனியாக மாதிரி எடுத்து நஞ்சுச் சோதனைக்கு அனுப்புங்கள். அந்த மாதிரியைக் குவியலின் ஒரே இடத்திலிருந்து அள்ளாமல் பல இடத்திலிருந்து எடுத்துக் கலக்க வேண்டும், நஞ்சு குவியல் முழுக்க ஒரே சீராக இருக்காது.